பிரபு கட்டிக்கொண்ட தங்கச்சி

யோசனை வந்தது பஸ்ஸில், நின்றுகொண்டிருந்தபோது. ஒரு கையில் மேல்கம்பி, இன்னொரு கையில் போன். யாங்கூன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மழை வேறு. ஆங்கிலத் தேர்வுக்காகத் தினம் ஒரு கட்டுரை படிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். அன்றைக்கு வந்து விழுந்தது, பல நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பிரபுவின் வாழ்க்கை.

கோட்டை, நிலம், சண்டை, மனைவி, பிள்ளைகள். கடைசியில் கல்லறையின் படம். பிரபுவும் அவர் மனைவியும் கல்லில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கை கூப்பியபடி இருக்கிறது. அவர் காலடியில் ஒரு சிங்கம், அந்த அம்மாள் காலடியில் ஒரு குட்டி நாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாயின் கழுத்துப்பட்டையில் மணிகள். சிற்பி உட்கார்ந்து அந்த மணிகளைச் செதுக்கியிருக்கிறான்! ஏனோ அந்த இடத்தில்தான் தோன்றியது: இந்தக் குடும்பத்தைப் பற்றித் தமிழில் எழுதினால் என்ன?

எங்கள் கோவில் பின்கூடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வாசிப்பு நடக்கும். பதினைந்து பேர் வருவோம், எல்லாரும் ஏறக்குறைய என் வயது. பர்மிய மொழியில் சிரிப்போம், பர்மிய மொழியில் சண்டை போடுவோம், ஆளுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி வந்து வாசிப்போம். நன்றாக இருக்கிற பக்கம் அடுத்த மாதம் வரை சுவரில் தொங்கும். அதுவரை தொங்கியதெல்லாம் கோவில் கட்டின கதை, பொங்கல் வைக்கும் முறை, மறுபடியும் கோவில் கட்டின கதை. நான் ஒரு இங்கிலாந்துப் பிரபுவைத் தொங்கவிடப் போகிறேன்! சந்தோஷத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அப்பா தமிழர், அம்மா பர்மியர். அப்பாவை அப்பா என்றும் அம்மாவை அமே என்றும் கூப்பிட்டு வளர்ந்தோம், நானும் அண்ணனும். நான் யோசிப்பது பர்மிய மொழியில். தமிழ் எனக்கு விசேஷத்துக்குப் போடும் உடுப்பு மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்வேன். எங்கேயாவது ஒரு பட்டன் மாறியிருக்கும்.

அந்த முறை மாறிய பட்டன் ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் இருந்தது, பிரபு தன் 'கசின்' ஒருத்தியை மணந்தார் என்று. கசின். மனசுக்குள் அது பர்மிய மொழியில் விழுந்தது. எங்கள் பேச்சில் பெரியப்பா மகளோ மாமா மகளோ, வயதில் சின்னவள் என்றால் 'ஞீமா' தான். ஞீமா என்றால் தங்கை. நான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன்: "பிரபு தன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டார். இருவரும் இன்பமாக வாழ்ந்து பல பிள்ளைகளைப் பெற்றார்கள்."

ஞாயிற்றுக்கிழமை இதை எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

"நில்லு, நில்லு," என்றான் போட்டாதாங் படகுத்துறையில் வேலை பார்க்கும் நண்பன். வாசிப்பில் குறுக்கே பேசுவது அவன் பழக்கம். "கூடப் பொறந்தவளயா?"

"ஆமா. இல்ல. அந்த மாதிரி."

"அந்த மாதிரின்னா எந்த மாதிரி? பல புள்ளைங்க வேற!"

கூடமே சிரித்தது. நான் மறுபடி என் தாளைப் பார்த்தேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் வேடிக்கை.

சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தார். அப்பாவின் அக்கா. வாசிப்புக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் செய்து தருவது அவர்தான். கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

"யாருடி அது தங்கச்சியக் கட்டுனவன்? எந்தூரு?"

"இங்கிலாந்து அத்தே. செத்து ரொம்ப காலம் ஆச்சு."

"சாகாம என்ன பண்ணுவான்?"

"இல்ல அத்தே, கசின்னு போட்டிருந்துச்சு."

"கசின்னா? மாமன் மகளா, அத்தை மகளா, சித்தப்பன் மகளா?"

"அது சொல்லல."

"சொல்லலன்னா எப்படி? மாமன் மகள்னா மாலையப் போடு. சித்தப்பன் மகள்னா செருப்பால போடு. ரெண்டுக்கும் ஒரே வார்த்த வச்சிக்கிட்டு அவனுங்க எப்படிடி குடும்பம் நடத்துனானுங்க?"

அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. கரண்டியை என் பக்கம் நீட்டினார். "இந்தா பாரு. ஒங்கண்ணனுக்கு மாமன் மக ஒருத்தி இருக்கா. லட்சணமான புள்ள. அது மொறப்பொண்ணு. அவளக் கட்டுனான்னு எழுது, நானே கையத் தட்டுறேன்."

எல்லாரும் "ஓ" என்று கத்திக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்கள். அண்ணன் அங்கே சுண்டல் பாத்திரத்தைத் தூக்க வந்து நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்திருந்தால் நான் எதையும் கவனித்திருக்க மாட்டேன். அவன் சிரிக்கவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தான், பிறகு எடுத்தான், பிறகு மறுபடி வைத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "அண்ணே, காது செவந்திருச்சு."

"வெயிலு."

"மழ பெய்யுதுண்ணே."

ரயில் பாதை ஓரம், தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டுவதற்கு இடுப்பில் கட்டிய லோஞ்சியைத் தூக்கிப் பிடித்தவன் அப்படியே நின்றான். "மமாவும் நானும்," என்றான். "ரெண்டு வருஷமா."

மமா என்பது அமேயின் அண்ணன் மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அதனால் எனக்கு மமா, அதாவது அக்கா. லத்தாவில் ஒரு காகிதக் கடையில் வேலை. அவள் அப்பாவை, என் மாமாவை, நாங்கள் ஊஜீ என்று கூப்பிடுவோம். வடக்கு ஓக்கலாப்பாவில் அவர்கள் வீடு. மாதத்துக்கு இரண்டு தடவை அவள் எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். எனக்கு ஒன்றுமே தெரியாது!

"ஊஜீ எடம் பார்த்திட்டாரு," என்றான் அண்ணன். "மாண்டலே பக்கத்து ஆளுங்க. தடிஞ்சுட் முடிஞ்சதும் பேச வர்றாங்க."

மழைக்கால விரத மாதங்களில் பர்மிய வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. தடிஞ்சுட் பௌர்ணமியோடு விரதம் முடியும். அப்புறம் ஊரெல்லாம் கல்யாணம்தான். அதற்கு முன்னால் யாராவது ஊஜீயிடம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் மமா மாண்டலே பக்கம் போய்விடுவாள். கேட்க வேண்டியவர் அமே. பெண்ணின் சொந்த அத்தை, பையனின் அம்மா. அவரைத் தவிர அந்த வீட்டில் வாய் திறக்க யாருக்கும் இடம் இல்லை.

"நீதான் நல்லாப் பேசுவியே," என்றான் அண்ணன். "அமேகிட்ட நீ சொல்லு. ஒன்னோட பிரபு எப்படிச் சமாளிச்சான்னு பாரேன்."

என்னோட பிரபு! அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் லத்தாவுக்கு ஓடினேன். மொத்தக்கடைத் தெரு. கைவண்டிகளுக்கு நடுவில் நெளிந்து போனால் காகிதக் கடை. மமா உள்ளே தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் பர்மிய மொழியில்தான் பேசினோம். இங்கே தமிழில் தருகிறேன், பட்டன் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கோ கோ சொல்லிட்டானா?" என்றாள்.

"எந்தக் கோ கோ?"

என் மேல் ஒரு அழிரப்பரை எறிந்தாள்.

கோ கோ என்றால் அண்ணன். சின்ன வயதிலிருந்து அவள் என் அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான். காதலனையும் கோ கோ என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டிய கணவனையும் அப்படித்தான். யாங்கூன் தெருவில் ஒரு பெண் "கோ கோ" என்று கூப்பிட்டால், திரும்புகிறவன் யார் என்று சொல்லையும் பார்க்க வேண்டும், முகத்தையும் பார்க்க வேண்டும். நாங்கள் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உங்க வீட்டு மேசையில, உங்க அப்பா முன்னாடியே, கோ கோ இன்னும் கொஞ்சம் சாதம் போடவான்னு கேட்டிருக்கேன்," என்றாள். "யாருக்கும் ஒண்ணும் தெரியல."

"எப்போ மாறிச்சு?"

"எனக்கே தெரியாது. ஒரு நாள் அதே வார்த்தையைச் சொன்னேன். தொண்டையில வேற மாதிரி இருந்துச்சு."

நான் அத்தை சொன்னதைச் சொன்னேன். தமிழில் அவளுக்கு ஒரு தனிச்சொல் இருக்கிறது என்றேன். "முறைப்பெண்."

"முயைப்பெண்," என்றாள். ற அவள் வாயில் வரவில்லை. "அப்படின்னா?"

"கட்டிக்கொள்ளும் முறை உள்ள பெண்."

"முயைன்னா?"

இங்கே மாட்டிக்கொண்டேன். முறை என்றால் சொந்தம், ஒழுங்கு, வழக்கம். வரிசையில் நிற்கும்போது உன் முறை, என் முறை என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

மமா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அப்போ நான் கியூவில நிக்கிறேன். மாண்டலேக்காரன் குறுக்க புகுந்துட்டான்."

சிரித்தாள். ஆனால் டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. மூன்று தடவை அழுத்தினாள். போகும்போது ஒரு பெரிய தாள் கொடுத்தாள், சுவரொட்டி அளவு. "உன் பிரபுவோட குடும்பத்தை இதில வரை. எங்களுக்கு ஏதாவது வழி கிடைக்குதான்னு பாரு."

அமேயிடம் அன்று சாயங்காலமே பேசிவிட்டேன். பொறுமை என்பது எனக்கு வராது. கரண்டு போயிருந்தது. அமே வராந்தாவில் கரி அடுப்பை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் நேராக விஷயத்துக்குப் போனேன். அண்ணன், மமா, மாண்டலே, தடிஞ்சுட். ஒரே மூச்சு.

அமே விசிறியை நிறுத்தவில்லை. அப்பாவிடம் கற்ற தமிழில், வரிக்கு வரி 'நோ' போட்டு, மெதுவாகப் பேசுவார். 'சரிதானே' என்று கேட்கிற பர்மிய 'நோ' அது.

"அவ என் அண்ணன் மக நோ. ஒன் அண்ணனுக்குத் தங்கச்சி."

"தமிழ்ல அப்படி இல்ல அமே. மாமன் மக. முறைப்பொண்ணு. இங்கிலாந்துலகூட ஒரு பிரபு கசினக் கட்டியிருக்காரு."

"தங்கச்சியக் கட்டுனாருன்னு நீதான எழுதுன? ஒங்க அத்த போன்ல சொல்லிச் சிரிச்சாங்க. செவத்துல தொங்குது நோ."

எல்லாரையும் சிரிக்க வைத்ததற்காகவே அந்தப் பக்கத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். என் கையெழுத்து எனக்கே எதிராகச் சாட்சி சொன்னது.

"எங்காளுங்க வயித்தத்தான் எண்ணுவாங்க," என்றார் அமே. "அண்ணனும் நானும் ஒரே வயிறு. அவர் மக, என் மகன். ஒரே ஒரு வயிறு பிரிஞ்சது. ரொம்பக் கிட்ட." பர்மிய மொழியில் உண்மையிலேயே அப்படித்தான். ஒன்றுவிட்ட சொந்தத்துக்கு 'ஒரு வயிறு பிரிந்தவர்', அடுத்த தலைமுறைக்கு 'இரண்டு வயிறு பிரிந்தவர்'. வயிற்றை எண்ணினால் போதும். தாய்வழியா தந்தைவழியா என்று யாரும் கேட்பதில்லை.

கரி பற்றிக்கொண்டது. அமே விசிறியைக் கீழே வைத்தார். "ஒங்கப்பாவக் கட்டுனப்ப என் அண்ணன் ஆறு வருஷம் இந்தப் படி ஏறல. ஏழாவது வருஷம் நீ பொறந்த. அப்ப ஏறி வந்தாரு, அஞ்சு மாடியும், மூச்சு வாங்க. திரும்பவும் எறங்கிப் போயிட்டார்னா, நான் என்ன செய்வேன்?"

இதற்குப் பதில் பிரபுவிடம் இருக்கும் என்று நம்பினேன்.

அடுத்த பத்து நாளும் கரண்டு வந்த நேரமெல்லாம் போனைச் சார்ஜ் போட்டு, போன நேரமெல்லாம் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் மாட்டியது. பிரபு இளம் வயதில் ஒரு 'அங்கிள்' பொறுப்பில் வளர்ந்தாராம். பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தை புருஷனா? நிலத்தின் ஒரு பகுதி 'நெஃப்யூ'வுக்குப் போனதாம். அண்ணன் பையன் என்றால் மகன், அக்கா பையன் என்றால் மருமகன். யாருக்குப் போனது? சண்டையில் அவரைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு 'பிரதர் இன் லா'. இது மச்சானா, சகலையா? காட்டிக்கொடுத்தவன் மச்சான் என்றால் கதை ஒன்று, சகலை என்றால் கதையே வேறு! ஆங்கிலம் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி மாடியில் போட்டுவிட்டது. நான் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, மமா கொடுத்த தாளில் கோடு போட்டேன்.

கல்யாண விஷயத்துக்கு வந்தேன். வந்த இடத்தில் விழுந்தேன்.

அந்தக் காலத்துத் திருச்சபையில் நாலு தலைமுறை வரை சொந்தத்தில் கட்டக் கூடாது. தாய்வழியும் கூடாது, தந்தைவழியும் கூடாது. என் பிரபுவும் அவர் மனைவியும் நாலாவது தலைமுறையில் ஒட்டுகிறார்கள். இருவருக்கும் பாட்டனின் பாட்டன் ஒருவர்தான். நான் மாமன் மகள் அளவுக்கு நெருக்கம் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு தூரத்துச் சொந்தத்துக்கே இவர்கள் கடல் தாண்டிப் போப்பாண்டவருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன்பே கல்யாணம் முடிந்து ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. 'எங்களுக்குச் சொந்தம் என்று தெரியாது' என்று எழுதினார்களாம். தெரியாதாம்! கொஞ்ச காலம் பிரிந்திருக்கச் சொன்னார்கள். இருந்தார்கள். அனுமதி வந்தது. மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இதை எடுத்துக்கொண்டு அமேயிடம் போக முடியுமா? நாலு தலைமுறைக்கே மன்னிப்பு என்றால் ஒரு வயிற்றுக்கு என்ன? எனக்காக வாதாட நான் கூட்டி வந்த ஆள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

குழப்பத்தில் தாளை மேசையில் விரித்தபடி விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அத்தை வந்தார். ஐந்து மாடி ஏறிய களைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டே தாளைப் பார்த்தார்.

"என்னடி இது, கோலமா?"

"பிரபுவோட குடும்பம் அத்தே. மேல இருக்கறவருக்கு ஒரு மகன், ஒரு மக. அந்த மகன் வழியில வந்தவரு பிரபு. மக வழியில வந்தவங்க அந்தம்மா. சொந்தத்துல கட்டிக்கிட்டதுக்கு மன்னிப்புக் கேட்டு, கடல் தாண்டிப் போப்பாண்டவருக்கு ஆள் அனுப்பி அனுமதி வாங்குனாங்க."

அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சொந்தம் வாசிக்கத் தெரியும். விரலை மேலே வைத்துக் கீழே இறக்கினார். "இது அண்ணன். இது தங்கச்சி. அண்ணனுக்கு என்ன?"

"மகன்."

"தங்கச்சிக்கு?"

"மக."

"அவங்க ரெண்டு பேரும் மொற. கட்டியிருக்கலாம். கட்டல. சரி. அவனுக்கு என்ன பொறந்துச்சு?"

"மகன். அவங்களுக்கும் மகன்."

"கேளு. கட்டிக்கிற மொற உள்ளவங்களோட பிள்ளைங்க தங்களுக்குள்ள அண்ணன் தம்பி. இவன் அவளுக்கு அப்பன் மொற புள்ளையப் பெத்திருக்கான், அவ இவனுக்கு ஆத்தா மொற…" நான் எங்கோ தொலைந்துவிட்டேன். அத்தை தொலையவில்லை. விரல் கீழே வந்து நின்றது. "அண்ணன் தம்பிக்குப் பொறந்தது ஒங்க பிரபுவும் அந்தப் பொண்ணும். அடியே!" கையை உதறினார். "தங்கச்சியேதான்டி!"

"என்னது?"

"நீ எழுதுனது சரிதான். தங்கச்சி மொறையத்தான் கட்டியிருக்கான், படுபாவி. போப்பாண்டவரும் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிச்சிருக்காரு."

நான் மறுபடி மறுபடி விரலை ஓட்டிப் பார்த்தேன். தப்பாக எழுதிய சொல், தப்பான காரணத்துக்காக எழுதிய சொல், சரியாகிவிட்டது.

சமையலறையிலிருந்து அமே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாளைப் பார்த்தார். அவரும் விரலை வைத்தார், ஆனால் எண்ணுவதற்கு. "ஒரு வயிறு. ரெண்டு. மூணு. மூணு வயிறு பிரிஞ்சாச்சு நோ. இது அந்நியம்."

"என்ன தம்பி பொஞ்சாதி, தங்கச்சி மொறங்கறேன், அந்நியங்கற?"

"மூணு பிரிஞ்சா யார் எண்ணுவாங்க? இதுக்கா அந்த மனுஷன் கடல் தாண்டி ஆள் அனுப்புனான்?"

அமே சிரித்துவிட்டார். விஷயம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தை விடவில்லை. "ஒனக்கு ஆகவே ஆகாதுங்கறது எங்களுக்குத் தங்கமான சம்பந்தம். ஒனக்கு அந்நியம் எங்களுக்குத் தங்கச்சி. நல்ல வீடு இது!"

ஒரு தாள். அதே நாலு கோடு. திருச்சபைக்கு அது மன்னிக்கக்கூடிய பாவம், அத்தைக்கு நினைக்கவே கூடாத கேவலம், அமேக்கு ஒன்றுமே இல்லை. அப்பா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் சொல்லல," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அத்தை போன பிறகு அமே நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை மடிக்கவில்லை.

"அப்ப யாரு எண்ணுறது சரி?"

"தெரியல அமே."

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அமே தாளைத் தன் பக்கம் இழுத்து, "அந்தக் காகிதத்துல என்ன எழுதுனாங்க? போப்பாண்டவருக்கு?" என்றார்.

"ரெண்டு வீட்டுக்கும் ரொம்ப நாள் பகை. இந்தக் கல்யாணத்தால அது தீரும்னு."

அமே அந்தக் கல்லறைப் படத்தைக் கேட்டார். போனில் காட்டினேன். எல்லாரையும் போல அவரும் முதலில் நாயைத்தான் பார்த்தார்.

"நான் அண்ணன்கிட்ட கேக்க மாட்டேன்," என்றார். "எனக்கு ஆனாடே." நாம் கேட்டால் அவருக்குச் சங்கடமாகுமே என்று நமக்கு வருகிற சங்கடம், அதுதான் ஆனாடே. இந்த ஊரில் பாதிக் காரியம் அதனால் நடக்காமல் நிற்கும். அமே எழுந்தார், சமையலறை வாசலில் திரும்பினார். "நீ எழுதினா, நான் கிழிக்க மாட்டேன் நோ."

அண்ணனிடம் சொன்னபோது படியில் உட்கார்ந்துவிட்டான். "கிழிக்க மாட்டேன்னு சொன்னாங்களா? அப்படியேவா? வேற ஒண்ணும் சொல்லலயா?" அந்த ஒரு வரியை நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். அது சம்மதமா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

ஆக இப்போது நான் மனு எழுதுகிறேன். பர்மிய மொழியில், ஊஜீக்கு. தடிஞ்சுட் பௌர்ணமியன்று சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் 'கடோ' செய்வோம். முன்னால் மண்டியிட்டு, உடம்பாலும் வாயாலும் மனசாலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வணங்க வேண்டும். பெரியவர் வாழ்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். வருடா வருடம் பழத்தட்டு கொண்டுபோவோம். இந்த வருடம் தட்டில் ஒரு காகிதமும் இருக்கும். பிரபுவின் ஆள் கடல் தாண்டினான். நான் இரண்டு பஸ் மாறினால் போதும்.

முதல் வரைவில் மமாவை அண்ணனின் ஞீமா என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். அந்த ஒரு சொல்லிலேயே வழக்கு முடிந்துவிடும். கிழித்தேன், நானே. இரண்டாவது வரைவில், சொந்தம் என்று எங்களுக்குத் தெரியாது என்று பிரபு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். ஊஜீ என்னைத் தொட்டிலில் ஆட்டியவர். அதையும் கிழித்தேன். காரணம் வேண்டும் என்று பிரபுவிடம் கற்றேன். அதை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஆறு வருடம் ஏறாத அந்த ஐந்து மாடி. யாரும் இனி எந்தப் படியிலிருந்தும் இறங்கிப் போகாமல் இருக்க இரண்டு வீட்டையும் இன்னொரு தடவை கட்டிவிடுங்கள் என்று எழுதலாம் என்றிருக்கிறேன். ஊஜீயின் முழங்கால் இப்போது முன்னைப் போல இல்லை. நாங்களே இறங்கி வருகிறோம், நீங்கள் ஏற வேண்டாம் என்றும் சேர்க்கலாம். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

மமாவை என்ன சொல்லி எழுதுவது? பர்மிய மொழியில் சொல் இல்லை. அதனால் தமிழ்ச் சொல்லையே பர்மிய எழுத்தில் எழுதப் போகிறேன். ஊஜீ நிச்சயம் கேட்பார், இது என்ன வார்த்தை, இதற்கு என்ன அர்த்தம் என்று. பதிலை மமாதான் சொல்ல வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. அவள் வாயில் இன்னும் முயைப்பெண் தான் வருகிறது.

சுவரில் தொங்கும் பக்கத்தை நான் எடுக்கவில்லை. தங்கச்சி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் நட்சத்திரம் மட்டும் நிற்கிறது.

பௌர்ணமிக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. நாளை மத்தியானம் மூன்றாவது வரைவோடு லத்தாவுக்குப் போகிறேன். முதலில் அவள் வாய்க்கு ற. பிறகு, அர்த்தம் கேட்டால் அந்தக் கியூவைச் சொல்லலாமா கூடாதா என்பதை மமாவோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.